பள்ளி நூலகத்தில் என் நிரல் ஓடுகிறது, உங்கள் எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் போன வாரத்திலிருந்து என்னுடைய சின்னக் கணினி நிரல் ஒன்று ஓடுகிறது. புத்தகத்தின் பெயரையோ எழுத்தாளர் பெயரையோ தட்டினால் அது எந்த அலமாரியில் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார் என்று காட்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு "எந்த கிளாசுக்குப் போனே?" என்று கேட்கிறார்கள். எந்த கிளாசுக்கும் போகவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினிப் பாடம் இணையத்தில் இலவசம், பைத்தான் என்ற நிரல் மொழியின் கையேடும் இலவசம், இதெல்லாம் யாருக்கும் கிடைப்பதுதான். எனக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்தது, நான் எழுதியதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு "இது சரியில்லையே" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆட்கள். இந்த மடல் அவர்களுக்குத்தான்.

பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக் குறுக்கெழுத்தை அவர் காலையிலேயே முடித்துவிடுவார், மிச்ச நாளெல்லாம் புலம்பல். சரி, நாமே உருவாக்கிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணினிக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. 'கொக்கு' நமக்கு மூன்று எழுத்து, மூன்று கட்டம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் அது ஆறு குறிகள், பைத்தானிடம் நீளம் கேட்டால் ஆறு என்றுதான் சொல்லும். முதலில் அச்சடித்துக் கொடுத்த தாளில் புள்ளி தனிக் கட்டத்தில், உகரக் கொக்கி தனிக் கட்டத்தில், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றன. பாட்டி கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்த முட்டையெல்லாம் யாரு போட்டது?" என்றார். இந்தச் சிக்கலை எனக்கு முன்பே தீர்த்து, 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நிரல் தொகுப்பாக இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும். அதிலுள்ள ஒரே ஒரு கட்டளை போதும், எந்தச் சொல்லையும் எழுத்து எழுத்தாகப் பிரித்துவிடும். முகம் தெரியாத அந்த ஆட்களுக்கு என் முதல் வணக்கம்.

ஆனால் கட்டம் நிரம்ப வைத்தது பாட்டிதான். ஆங்கிலத்தில் 26 எழுத்து, பெரும்பாலும் எந்த இரண்டு சொல்லும் எங்கேயாவது வெட்டிக்கொள்ளும். நமக்கு 247. 'கொ' வந்தால் அதன் குறுக்கே இன்னொரு 'கொ' வந்தாக வேண்டும், எங்கே போவது? என் நிரல் ஒரு சொல்லை வைக்கும், இடம் கிடைக்காமல் எடுக்கும், இன்னொன்றை வைக்கும், இரவெல்லாம் ஓடினாலும் கட்டத்தில் பாதி காலி. பாட்டி வெற்றிலை மடித்தபடியே சொன்னார்: "மரம், படம், பழம், பணம் எல்லாம் 'ம்'லதானே முடியுது, அதை வச்சுக் கோத்துட்டுப் போயேன்." உண்மைதான். மகர மெய்யில் முடியும் சொற்களுக்கு முன்னுரிமை கொடுத்ததும் கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. பாட்டி ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். இதை அழகு படுத்திச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நடந்தது இதுதான்.

அடுத்து, பினாங்கு லிட்டல் இந்தியாவில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கும் அக்கா. குறுக்கெழுத்துத் தாள்களை பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனேன். ஒரு பார்வைதான், "தம்பி, கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால போயிடுச்சு பாரு" என்றார். நான் பயன்படுத்திய பிடிஎஃப் கருவி குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும், கொம்பை முன்னால் நகர்த்தும் வேலை அதற்குத் தெரியாது. அதைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' போன்ற வேறொரு மென்பொருள், பல உலாவிகளுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் உலாவியிலிருந்தே அச்சடித்தேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில். தீர்ந்தது. அச்சுக்கூலி வாங்க மாட்டேன் என்று அக்கா அடம் பிடித்ததை இங்கே சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

இனி ஆசிரியை. நூலகப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கிக் காட்டியபோது, 'மனம்' எப்படி 'மரம்', 'மலர்' இரண்டுக்கும் முன்னால் வந்தது என்று கேட்டார். யுனிகோடில் னகரத்தை நகரத்துக்குப் பக்கத்திலும் றகரத்தை ரகரத்துக்குப் பக்கத்திலும் வைத்திருக்கிறார்கள், இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி கட்டம் போட்ட பழைய இஸ்கி முறையிலிருந்து வந்த பழக்கம் அது. கணினி அந்த வரிசையில்தான் அடுக்கும். "எனக்கு அந்தக் கதை வேண்டாம், பிள்ளைகள் படிக்கிற வரிசை வேண்டும்" என்று ஒரு துண்டுத் தாளில் 'ய ர ல வ ழ ள ற ன' என எழுதி நீட்டினார். ஜ, ஷ, ஸ, ஹ கடைசியில் வரட்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். அந்த வரி நிரலில் அப்படியே இருக்கிறது.

அம்மாவுக்கு எழுதியது பேருந்துக்காக. பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை, கொம்தார் பேருந்து நிலையத்தில் 101ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ரேப்பிட் பினாங்கு பேருந்துகளின் நேர அட்டவணையை அரசின் திறந்த தரவுத் தளத்தில், பொதுப் போக்குவரத்துத் தரவுக்கான ஜிடிஎஃப்எஸ் வடிவில் யாரும் எடுத்துக்கொள்ளலாம், வெறும் எழுத்துக் கோப்புகள்தான். வரைபடம், அடுத்த ஐந்து பேருந்துகள், நிறுத்தங்களின் பெயர் என்று எல்லாவற்றையும் அழகாகப் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இப்பக் கிளம்பினா கிடைக்குமா கிடைக்காதா, அதை மட்டும் சொல்லு" என்றார். இப்போது திரையில் பெரிய எழுத்தில் ஒரே சொல்தான்: 'கிளம்பு' அல்லது 'இரு'. சனி, ஞாயிறு மாலையில் அந்தப் பக்கம் சாலை எப்படி அடைத்துக்கொள்ளும் என்பது அட்டவணையில் கிடையாது, அந்தக் கணக்கையும் அம்மாவே சொல்லிச் சேர்க்க வைத்தார்.

பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மாற்றி, லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கிரீன் லேன் டிஜிட்டல் நூலகத்தில் நான் மணிக்கணக்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் கண்டுகொள்ளாத ஊழியர்களுக்கும் நன்றி. முத்து நெடுமாறன் ஐயாவுக்கும். 1985இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நம் மலேசிய நாட்டுக்காரர் அவர். இந்த மடலை அவருடைய அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு விசைமுறையில்தான் தட்டுகிறேன்.

நிரல்கள் எல்லாம் திறந்த மூலம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். பினாங்கிலோ பட்டர்வொர்த் பக்கமோ எந்தத் தமிழ்ப்பள்ளிக்காவது நூலகப் பட்டியல் வேண்டுமென்றால் ஆசிரியர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எஸ்டிபிஎம் தேர்வு முடிந்ததும் நானே வந்து போட்டுத் தருகிறேன். பேருந்துக் காசும் ஒரு தே தாரிக் தேநீரும் போதும். ஒரு நிபந்தனை உண்டு, பட்டியலைப் பார்த்துக் குறை சொல்ல ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு படிவம் 6 மாணவன்