வீட்டு கார் ஷெட்டுக்கு ஏற்ற ஜோடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இரண்டு கார் நிறுத்த இடமும் கையில் தாராளமாகப் பணமும் இருந்தால் எந்த இரண்டை வாங்குவீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆர்வத்தோடு படித்தேன். பெரும்பாலோர் ஓர் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரையும் ஒரு பெரிய எஸ்யுவியையும் கேட்டிருந்தார்கள். ஆசைக்கு அணை போட நான் யார்? ஆனால், ஜோடி என்று சொன்ன பிறகு, தனித்தனியே உயர்ந்த இரண்டைப் பொறுக்குவதைவிட, ஒன்றால் ஆகாத காரியம் மற்றொன்றால் ஆகுமா என்று பார்ப்பதே முறை. அந்தக் கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார் முதல் நாளே தோற்றுவிடும். வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை வரையறுத்திருக்கிறது. நம் தெருக்களில் அவரவர் விருப்பத்துக்குப் போட்டு வைத்திருக்கும் மேடுகளோ எந்த வரையறைக்கும் அடங்காதவை. தரையிலிருந்து 12, 13 சென்டிமீட்டர் உயரத்தில் அடிப்பாகம் உள்ள ஒரு காரை அவற்றின் மேல் ஏற்றி இறக்குவதற்குள் உயிர் போய்விடும்.

என் ஜோடியைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அன்றைய சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மற்றொன்று, இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக். ஸ்டாண்டர்டு ஆலை இருந்த வண்டலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் இந்த இரண்டு கார்களுக்கும் இடையே அறுபது ஆண்டுத் தொழில்நுட்பம் கிடக்கிறது. முன்னதில் ஸ்பேனர் இருந்தால் எதையும் கழற்றிப் பார்க்கலாம். பின்னதில் நாமாகக் கை வைக்க அநேகமாக ஒன்றுமே இல்லை.

இன்றைய இளைஞர்கள் பலர் ஹெரால்டைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் வந்தது; வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ஆகவே, இத்தாலிய அழகு வேண்டும் என்போருக்கும் இதில் குறையில்லை. 948 சிசி இன்ஜின் வேகத்துக்குப் பேர்போனதல்ல. ஆனால் பானட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்க, இன்ஜின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் வந்து நிற்கும். முன் டயரின் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும் என்பதால், மயிலாப்பூர்ச் சந்துகளில் ஆட்டோக்காரர்களுக்கே சவால் விடலாம். பின்பக்க ஸ்விங் ஆக்சில் (பின்சக்கரம் ஒவ்வொன்றும் தன் அச்சோடு தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்பு) மட்டும் இதன் பலவீனம். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இதே நிறுவனம் 1985-இல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடலுக்குள், வேன்கார்டு என்ற தன் பழைய காரின் வழி வந்த இன்ஜினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. அதைக் கனவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பழைய கார் என்றால் பத்மினியோ அம்பாசிடரோ போதாதா என்று கேட்கலாம். மும்பையில் 2023 அக்டோபர் வரை பத்மினி டாக்சி ஓடியதும், அம்பாசிடர் 2014 வரை தயாரானதும் உதிரிபாகம் தேடுவோருக்குப் பெரிய வசதிதான். ஆனால் டிரையம்ப் பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காத்திருக்கப் பொறுமை இருந்தால் ஹெரால்டையும் காப்பாற்றலாம்.

பதிவு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' எழுத்துகளோடு எண் கிடைக்கும். பெருமைதான். ஆனால் அந்த எண் வாங்கிய காரைக் கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம்; வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் குடும்பத்தோடு போனால் விதிமீறல். எனவே, ஆர்சி என்ற பதிவுச் சான்று உயிரோடு இருக்கும் காராகப் பார்த்து வாங்கி, 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி என்ற தகுதிச் சான்று காட்டிச் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு இப்படிப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்தது எத்தனால். பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அரிக்கும், ஈரத்தை இழுத்து டேங்கில் துருவைச் சேர்க்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, வாரம் ஒருமுறையாவது ஓட்டினால்தான் தப்பலாம். மழைக்காலம் முழுவதும் மூடிபோட்டு வைத்துவிட்டு தைப்பொங்கலன்று சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்காது. எலி ஒயரைக் கடித்திருந்தால் அது தனிச் செலவு.

இந்தத் தொல்லைகளை எல்லாம் ஈடுகட்டத்தான் பக்கத்தில் மின்சாரக் கார். பெரிய பேட்டரி 51.4 கிலோவாட் மணி. ஒரு சார்ஜுக்கு 473 கிலோமீட்டர் என்பது அறிமுகத்தின்போது நிறுவனம் சொன்ன கணக்கு, ஏசி போட்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் குறையத்தான் செய்யும். அன்றாட அலுவலகம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அது தாராளம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டணத்தின் அடுக்கே மாறிவிடும். மாடியில் சோலார் போட இடமிருந்தால் அதையும் சேர்த்தே திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

அளவும் பொருந்துகிறது. கிரெட்டாவின் அகலம் 1.79 மீட்டர், ஹெரால்டுடையது 1.52 மீட்டர், 5 மீட்டர் அகலமுள்ள போர்டிகோவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் கதவைத் திறந்து இறங்க இடம் மிஞ்சும். இரண்டு பெரிய எஸ்யுவிகளை நிறுத்திவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டு நடுவே நுழைகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

வாங்கும் வரிசையில் மின்சாரக் கார் முதலில் வரட்டும்; நல்ல ஹெரால்டு கிடைக்க நாளாகும். விலை பேசப் போகும்போது மெக்கானிக்கை மட்டும் கூட்டிப் போகாமல், டிங்கரிங் வேலை தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். இந்தக் காரின் உடல், சேஸிஸ் என்ற தனி அடிச்சட்டத்தின் மீது போல்ட் போட்டு இருத்தப்பட்டது. பளபளக்கும் புது பெயின்ட்டுக்குக் கீழே சேஸிஸ் துருப்பிடித்து இற்றுப்போயிருக்கக்கூடும். தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்க்க விடாதவரிடம் பணம் கொடுக்கவே கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
குரோம்பேட்டை.