ஞாயிறு சதுரங்கப் போட்டி: பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்

நம் குடியிருப்பு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் சிறுவர் சதுரங்கப் போட்டியில் நம் பிள்ளைகள் 6 பேர் ஆடுவதால், பெற்றோர் மட்டுமின்றி தாத்தா பாட்டிகளும் காலை 8.30 மணிக்குள் வந்துசேர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டம் தொடங்கியதும் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்களே, வந்து என்ன பயன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுற்று முடிந்து கதவு திறக்கும்போது ஒவ்வொரு குழந்தையின் கண்ணும் முதலில் தேடுவது தன் வீட்டு முகத்தைத்தான். சென்ற முறை தோற்று வெளியே வந்த ஒரு சிறுமி, நகர்வுகளை எழுதிய தாளைக் கசக்கிப் பிடித்தபடி தூணோரம் வெகுநேரம் தனியாக நின்றிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை.

2023 ஆகஸ்டில் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டியில் சென்னை வீரர் பிரக்ஞானந்தா இறுதிச்சுற்று வரை சென்றபோது, அரங்கின் ஓரத்தில் நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்த தாயார் நாகலட்சுமியின் படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். காய் நகர்த்த அவர் உதவவில்லை, உடன் இருந்தார்.

பிள்ளை வெளியே வந்ததும் "ஜெயித்தாயா?" என்று கேட்காமல், முதலில் தண்ணீர் கொடுங்கள். இடைவேளை குறைவு என்பதால் தயிர்சாதமோ வாழைப்பழமோ கையில் இருக்கட்டும். கைப்பேசியைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம்; அரங்கில் அது ஒலித்தால் ஆட்டமே கைவிட்டுப் போகும்.

அன்று பணிக்குச் செல்ல வேண்டிய பெற்றோர் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், அந்தப் பிள்ளையுடன் நானும் என் மனைவியும் மாலைவரை இருப்போம்.