மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு), ராஜா திருநாளுக்கு முன்னால்

மைனி,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும் பிள்ளை படித்துவிட்டு உங்களிடம் சொல்லுவாள். நம்ம ஊர்க்காரர்களும் படிப்பார்கள். ஆகவே சில விஷயங்களைப் பாதியில் விடுவேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு, 23ஆம் தேதி, கிறிஸ்து அரசர் திருநாள். போன வாரம் அக்கம்பக்க வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் பாதர் இந்தத் திருநாளின் கதையைச் சொன்னார். பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1925 டிசம்பரில் இதை ஏற்படுத்தினாராம். முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா என்று பெரிய பெரிய மகுடங்கள் சரிந்திருந்த நேரம். புதுசாக வந்த தலைவர்கள் தங்களையே கும்பிடச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். மனுஷனுக்கு ராஜா ஒருத்தர்தான் என்று சொல்லத்தான் இந்த நாளாம். நூறு வருஷம் ஆகிவிட்டது. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு கொண்டாடினார்கள், 1969இல்தான் நவம்பரில் வருகிற திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார்கள் என்றார்.

அதற்குப் பிறகு பாதர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. பழையபடி அக்டோபரிலேயே இருந்திருந்தால் அண்ணன் வியாழக்கிழமை போட்டிலேயே போயிருப்பான்.

உங்களுக்குத் தெரியாதது இதுதான் மைனி. 2017 நவம்பர் 23, வியாழன் காலை கிளம்புகிற போட்டில்தான் அண்ணனுக்கு முதலில் ஆள் பேசியிருந்தார்கள். புதன் ராத்திரி நான் போய், "ராஜா திருநாள் முடிச்சிட்டுப் போண்ணே, பவனியில விதானம் பிடிக்க ஆள் இல்ல" என்று சொன்னேன். ஆள் இருந்தது. எனக்கு அண்ணன் வேண்டும், அவ்வளவுதான். திருநாள் கமிட்டியில் அது என் முதல் வருஷம். பாதர் தலைக்கு மேல் பிடிக்கிற அந்தத் துணிப்பந்தலின் முன்வரிசைக் கம்பை என் அண்ணன் பிடித்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் சிரித்துவிட்டு, போட்டை ஓட்டுகிற ஸ்ராங்குக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை கிளம்புகிற வேறொரு போட்டுக்கு மாறிக்கொண்டான். உங்களிடம் போட்டில் வேலை முடியவில்லை என்றோ என்னவோ சொல்லியிருப்பான். என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் நீங்கள் என்னைக் கேட்காமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

வியாழக்கிழமை போன போட்டு ஒக்கிப் புயலில் மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கி, பதினோரு பேரும் உயிரோடு திரும்பினார்கள். அண்ணன் திரும்பவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் அவர்கள் வேனிலிருந்து இறங்கினபோது நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பன்னிரண்டாவது முகத்தைத் தேடுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு.

எட்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டும் சொல்லவில்லை. இது பாவமா? ஒருத்தனைக் கோயிலுக்கு வா என்று கூப்பிட்டது பாவமா? எனக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை வானம் தெளிவாகத்தான் இருந்தது. புயல் என்று அறிவிப்பு வந்தது 30ஆம் தேதி. அதற்குள் நம்ம ஆட்கள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில். கடலுக்குப் போன அத்தனை பேருக்கும் யாரோ ஒருத்தர் "போ" என்றோ "இரு" என்றோ சொல்லித்தான் இருப்பார்கள். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பகலில் எடுபடும், ராத்திரியில் எடுபடாது.

கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு, டிசம்பர் 7, நீங்கள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "உங்க ராஜா அன்னைக்கு எங்க போயிருந்தாரு தம்பி?" நான் "ஆண்டவர் சித்தம் மைனி" என்றேன். அந்த வார்த்தைக்காகத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். அதில் விசுவாசம் இல்லை. நீங்கள் அடுத்த கேள்வி கேட்டுவிடக் கூடாது என்கிற பயம்தான் இருந்தது. படகில் தலையணை வைத்துத் தூங்கிய ஆண்டவரைச் சீடர்களே உலுக்கி எழுப்பி, சாகப்போகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்று கேட்டார்கள். அதே கேள்வியைக் கேட்ட உங்களுக்கு விசுவாசம் போய்விட்டது என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்களில் எங்க அம்மாவும் உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷப் பவனி. அதை எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது.

சாயங்காலம் ஆறரை இருக்கும். நம்ம தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஸ்டூல், வெள்ளைத் துணி, சுரூபம், மெழுகுவர்த்தி. பாதர் நற்கருணை வைத்த கதிர்பாத்திரத்தை ஏந்தி வருகிறார், தோளில் போர்த்திய துணியால் கையை மூடிக்கொண்டு. நான் விதானத்தின் முன்வலதுக் கம்பைப் பிடித்திருக்கிறேன். போன வருஷம் அண்ணன் பிடித்த அதே கம்பு. பித்தளைப் பூண் கழன்றுவிடும் என்று அவன் வலைநூலால் சுற்றிக் கட்டியிருந்தான், பச்சை நூல். அந்த முடிச்சு என் கட்டைவிரலுக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் பவனி கொஞ்சம் நிற்கும். "கிறிஸ்து அரசர்!" என்று ஒருத்தர் குரல் கொடுக்க, "வாழ்க!" என்று எல்லோரும் சொல்லுவார்கள். பிறகு அடுத்த வாசல்.

உங்கள் வாசலில் விளக்கில்லை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் மட்டும் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. திரு இருதயப் படத்துக்குக் கீழே அண்ணன் மாட்டின ஜீரோ வாட் பல்பு. நீங்கள் அதை அணைக்கவில்லை மைனி. நான் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருத்தி ஏதோ சொன்னாள், இன்னொருத்தி உச்சுக்கொட்டினாள். பாதர் புதுசு, எந்த வீட்டில் நிற்பது என்று அவருக்குத் தெரியாது. கம்பு பிடித்தவன் நின்றால் அவரும் நிற்பார். நான் நிற்கவில்லை. கால் வேகமாகவே போனது. கதவுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கதவு திறந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் அந்தப் புதன்கிழமையைச் சொல்ல வேண்டும். ராஜாவை உங்கள் வாசலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனது ஊர் இல்லை. நான்தான்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் எனக்கும் ஆறாத ஒன்று உண்டு. அம்மா அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. பிள்ளையையும் விடவில்லை. பெட்டியை மூடுகிற வரைக்கும் நான் நாகர்கோவில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உங்களைப் பேசினது எல்லாம் பேசினதுதான். அரசு கொடுத்த அந்த 20 லட்சத்தைப் பற்றிப் பேசினதும் தப்புதான். அதை இங்கே விரித்து எழுத மாட்டேன். ஆனால் அவளும் பிள்ளையைக் கடலில் விட்டவள். கடைசி மூணு மாசம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கஞ்சி கேட்டாள். செத்தது உங்கள் புருஷன் மட்டும் இல்லை மைனி. எனக்கு அவன் ஒரே அண்ணன்.

இதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அண்ணன் கடைசியாகக் கேட்ட சுவிசேஷம் எது என்று தேடிப் பார்த்தேன். 2017இல் அந்த ஞாயிறுக்கு மத்தேயு 25. ராஜா அரியணையில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிற இடம். பசியாக இருந்தேன், கொடுத்தாயா? அந்நியனாக இருந்தேன், சேர்த்துக்கொண்டாயா? விதானம் பிடித்தாயா என்று அந்த ராஜா கேட்கவே இல்லை. ஞாயிறு "வாழ்க" என்று கத்தின தொண்டையோடு திங்கட்கிழமை நான் எப்படி இருந்தேன்? அம்மா பெயரில் இருக்கிற ஏழு சென்ட் பட்டாவை மடித்து என் பீரோவில் வைத்துக்கொண்டு, "எல்லாம் சின்னவனுக்குத்தான்" என்று அம்மா வாயால் சொன்னதை வசதியாக நினைவில் வைத்துக்கொண்டு, அண்ணன் கட்டின வீடு பூட்டிக் கிடப்பதைத் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

முடிவு பண்ணிவிட்டேன். அந்த வீடும் அது நிற்கிற இடமும் பிள்ளைக்கு. என் பங்கை விட்டுவிடுகிறேன் என்று நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். எழுத்தரிடம் பேசியாகிவிட்டது, செலவு என்னுடையது. இதற்காக நீங்கள் என்னோடு பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். அண்ணன் சம்பாத்தியத்தை அவன் மகளிடம் கொடுக்கிறேன். இதைத் தர்மம் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

இப்போது தினமும் ராத்திரி ஜெபமாலை முடிந்து நான் சொல்லுகிறதை அப்படியே எழுதுகிறேன். அரசரே, உம்மைத் தெருவெல்லாம் சுமந்துபோனேன், உம் சொல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சிலுவையில் உம் பக்கத்தில் தொங்கினவன் ஆட்சியுரிமை கேட்கவில்லை, நினைவு வைத்தால் போதும் என்றான். என் அண்ணனை நினைத்துக்கொள்ளும். அவன் எங்கே கிடக்கிறான் என்று உமக்கு மட்டும்தான் தெரியும். சாத்தின கதவுக்குப் பின்னால் நின்றவளை நினைத்துக்கொள்ளும். நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போன என்னையும்.

இந்த ஞாயிறு வாசிக்கிறதும் அந்தக் கள்ளனின் சுவிசேஷம்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். பிள்ளையின் ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ. நீங்கள் வர இஷ்டமில்லை என்றால் பிள்ளையை மட்டும் அனுப்புங்கள், பஸ் ஸ்டாண்டில் வந்து கூட்டிக்கொள்கிறேன். விதானம் பிடிக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஞாயிறு சாயங்காலம் உங்கள் வாசலில் நான் இருப்பேன். முற்றத்தைப் பெருக்கியாகிவிட்டது. சாவி உங்களிடம்தான் இருக்கிறது, அதனால் எங்கள் வீட்டு ஸ்டூலைத்தான் போட வேண்டும். வெள்ளைத் துணி அம்மாவுடையது. பவனி ஆறரைக்கு அந்தப் பக்கம் திரும்பும்.

உங்கள் தம்பி