சராசரி 144 சரி, அந்த 44 எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 14 நீரிழிவு தினத்துக்கு நீங்கள் போட்ட முழுப்பக்கத்தைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். சிவப்பரிசி, காலை நடை, கால் பராமரிப்பு, மூன்று மாதச் சீனியைச் சேர்த்துக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனை எல்லாம் இருந்தன. நல்லது. ஆனால் ஒரு நோயாளி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடக்கும்போது அவருடைய சீனி 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வைத்தியன் இல்லை. நீர்ப்பாசன வேலையில் முப்பது வருடம் படுவான்கரைக் குளக்கட்டுகளில் வெயில் காய்ந்தவன். நீர்மட்டம் வாசிப்பது, எழுதுவது, மேலிடத்துக்கு அனுப்புவது, இதுதான் என் தொழில். அதனால் இலக்கங்களைப் பார்த்தால் கை சும்மா இராது.

இந்த வருட நடுவில் என் அக்காவுக்குக் காலில் ஆணி குத்தியது. சீனி வருத்தம் இருபது வருடமாக உள்ளவர். 'சின்னப் புண்தானே தம்பி' என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் கிருமி இரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது பேச்சில்லை. எந்த வைத்தியசாலை என்பதை எழுதப்போவதில்லை. அங்கே உள்ளவர்கள்தான் அவரைக் காப்பாற்றித் தந்தார்கள், அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆறு நாள் செயற்கைச் சுவாசம். மூக்குக் குழாய் வழியே பால், கழுத்தில் மருந்து, ஒரு சிறிய பம்பில் இன்சுலின்.

ஏழாம் நாள் ஓர் இளம் டொக்டர் வெளியே வந்து, 'ஐயா, பயப்பட வேண்டாம். நேற்றைய சீனி சராசரி 144. நல்ல கட்டுப்பாடு' என்றார். எனக்கு அந்தச் 'சராசரி' என்ற சொல் இடறியது. உள்ளே நின்ற தாதியிடம், 'மகள், நேற்றுப் பார்த்த அளவுகளை ஒருக்கா வாசிக்க ஏலுமா?' என்று கேட்டேன். அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் வாசித்தது, நான் என் பழைய குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். எல்லாம் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

காலை 6.00 மணிக்கு 210. காலை 10.00க்கு 190. பிற்பகல் 2.00க்கு 176. மாலை 6.40க்கு 44. பிறகு 6.55க்கு 71, 7.10க்கு 96, 7.25க்கு 118, 8.00க்கு 152. நள்ளிரவு 238.

மாலையில் நடந்தது இதுதான். நெஞ்சு ஸ்கானுக்குக் கொண்டுபோவதற்காக 4.30க்குப் பாலை நிறுத்தியிருக்கிறார்கள். இன்சுலின் பம்ப் நிற்கவில்லை. பால் இல்லை, இன்சுலின் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து 6.40க்குப் பார்த்தால் 44. செறிவான குளுக்கோசை ஊசியால் ஏற்றிச் சரிப்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் விரைவாகத்தான். நினைவோடு இருப்பவர் என்றால் கை நடுங்கும், வியர்க்கும், 'தலை சுத்துது, ஒரு டொபி தா' என்றாவது கேட்பார். மயக்க மருந்தில் கிடக்கிறவர் எதைக் கேட்பார்? அவருக்காகப் பேசுவது சீனி பார்க்கும் அந்த மீற்றர் ஒன்றுதான். அன்று பிற்பகல் 2.00 தொடக்கம் 6.40 வரை அதுவும் பேசவில்லை. பம்பில் இன்சுலின் ஓடினால், சீனி ஒரு நிலைக்கு வரும்வரை ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று என்பது நிலைப்பட்ட பிறகுதான் என்று பின்னால் வாசித்து அறிந்தேன்.

இனி அந்த 144க்கு வருவோம். ஒன்பதையும் கூட்டினால் 1,295. ஒன்பதால் பிரித்தால் 144, கூட்டல் பிழை இல்லை. ஆனால் ஒன்பதில் நாலு வாசிப்பு, முக்கால் மணித்தியாலத்துக்குள் எடுத்தவை. சீனி விழுந்ததால்தான் அடிக்கடி பார்த்தார்கள். அடிக்கடி பார்த்ததால் தாழ்ந்த இலக்கங்கள் கணக்கில் கூடின. 2011 ஜனவரி வெள்ளத்தில் நாங்களும் குளத்தை மணிக்கொரு தடவை வாசித்தோம், மற்ற நாட்களில் காலையில் ஒரு தடவை. அந்த வருட வாசிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கும்பமாகக் கூட்டிப் பிரித்தால் குளம் வருடம் முழுக்க நிரம்பி வான் பாய்ந்ததுபோல இருக்கும். அதனால் நாங்கள் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைப் பார்த்து, நேரத்தால் பிரிப்போம். அக்காவின் 18 மணித்தியாலத்துக்கும் அப்படியே செய்தேன். 165 வந்தது. அதே நாள், அதே ஆள். ஒரு கணக்கில் 144, இன்னொரு கணக்கில் 165. இரண்டிலும் 44 தெரியவில்லை, 238உம் தெரியவில்லை. இலக்கு என்று அவர்கள் வைத்திருந்த 140 முதல் 180க்குள் நின்றவை 176, 152 இரண்டும் மட்டுமே.

இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர வைத்தியர்கள் 2004 இலேயே இப்படிப் பரப்பை வைத்து, மேல் எல்லையைத் தாண்டி எவ்வளவு சீனி எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டும் சுட்டெண் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். 2006 இல் அவுஸ்திரேலியாவின் நாலு வைத்தியசாலைகளில் 7,049 நோயாளிகளின் அளவுகளைப் பார்த்தவர்கள், சீனி அதிகமாக ஏறி இறங்கியவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். சராசரிக்குப் புறம்பாக அந்த ஆட்டமே ஓர் அடையாளம்.

தாழ்வு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2001 இல் பெல்ஜியத்தின் லூவென் நகரில், சத்திரசிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சையில் இருந்த 1,548 பேரில் ஒரு பகுதியினரின் சீனியை 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு 8 வீதத்திலிருந்து 4.6 வீதமாகக் குறைந்தது. உலகம் முழுக்க எல்லோரும் இறுக்கத் தொடங்கினார்கள். 2009 இல் 6,104 பேரை வைத்து 'நைஸ் சுகர்' என்ற பெரிய ஆய்வு வந்தது. 90 நாளுக்குள் இறந்தவர்கள் இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 27.5 வீதம், 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட பக்கத்தில் 24.9 வீதம். 40க்கு இறங்கியவர்கள் இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 6.8 வீதம், மறுபக்கத்தில் 0.5. அதன் பிறகுதான் 140–180 என்ற இலக்கு பரவலானது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று: லூவெனில் பெரும்பாலும் தமனி இரத்தத்தை எடுத்துத் துல்லியமான கருவியில் பார்த்தார்கள், பின்னைய ஆய்வில் பலவகைக் கருவிகள். அளவுகோல் வேறானால் முடிவும் வேறாகலாம் என்ற வாதம் இன்னும் தீரவில்லை. பாசி பிடித்த அளவுகோலில் குளத்தை வாசித்தவனுக்கு இது விளங்கும்.

அளவுகோல் என்றதும் இன்னொரு இரவு ஞாபகம் வருகிறது. 312 என்று வந்து எல்லோரும் பதறினார்கள். பம்பைக் கூட்டக் கை போனது. அப்போது ஒரு மூத்த தாதி, 'எந்தக் கையில எடுத்த நீங்க?' என்று கேட்டார். டெக்ஸ்ரோஸ் என்ற சீனித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கையிலேயே சிரிஞ்சால் எடுத்திருந்தார்கள். மறு கையில் எடுத்தால் 168. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால் அன்றும் ஒரு 44 வந்திருக்கும். விரல் நுனியும் அப்படித்தான். பிரஷர் விழுந்து, கை பொங்கி, விரல் குளிர்ந்து கிடக்கிறவரைப் பிழிந்தெடுத்த துளி இரத்தத்தை நம்ப முடியாது. இரத்தம் குறைந்தவர்களுக்குப் பல மீற்றர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், அதாவது 44ஐ நல்ல இலக்கமாகக் காட்டி ஏமாற்றலாம். தமனியில் குழாய் போட்டிருந்தால் அதிலிருந்து எடுப்பதே மேல்.

தாதிமாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பிள்ளை இரண்டு கட்டிலுக்கு ஓடியதை நான் கண்ணால் கண்டவன். நான் கேட்பது, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் மாதக் கணக்கை எழுதும்போது சராசரியோடு நிறுத்திவிடாமல் இன்னும் சிலதையும் எழுத வேண்டும் என்பதுதான். 70க்குக் கீழே எத்தனை பேர் விழுந்தார்கள், 40க்குக் கீழே எத்தனை பேர்? நேரத்தில் எத்தனை வீதம் 140–180க்குள் நின்றது? இரண்டு வாசிப்புக்கு இடையில் ஆகக் கூடிய இடைவெளி எவ்வளவு? எங்கே எடுத்த இரத்தம்? நோயாளியின் குறிப்புகள் எழுதும் டிக்கட்டில் இவை எல்லாம் ஏற்கனவே கிடக்கின்றன. கொம்பியூட்டர் தெரிந்த ஒருவர் அரை நாள் குந்தினால் முடியும். அதோடு இன்சுலின் பம்பில் ஒரு துண்டுக் கடுதாசி ஒட்டுங்கள்: 'பாலை நிறுத்தினால் என்னையும் பார்.'

அக்கா இப்போது வீட்டில், இரண்டு விரல் குறைவாக, ஆனால் வாய் குறையாமல் இருக்கிறார். நேற்றும் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கேட்டுச் சண்டை. அந்த ஒன்பது இலக்கங்களையும் வரைந்த கோட்டுத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்தால் போடுங்கள், அக்காவின் பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.