மதியம் மூடிக்கிடக்கும் ஊர்கள்

அன்புள்ள கௌரி,

உன் கடிதமும் வீட்டுப் படங்களும் வந்தன. ஒருவழியாக மேல்தளம் கான்கிரீட் போட்டாயிற்று என்று பார்த்ததும் எனக்கே மூச்சு வந்தது. கம்பி கட்டிவிட்டு ஆளே வரவில்லை என்று நீ போனில் புலம்பியது இன்னும் காதில் நிற்கிறது. படிக்கட்டு மட்டும் படத்தில் செங்குத்தாகத் தெரிகிறதே, உன் முழங்காலைக் கணக்கில் வைத்துத்தான் கட்டுகிறார்களா? கேள்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நாங்கள் ஊர் சுற்றப் போயிருந்தோம். மே மாதம் இங்கே பிரான்சில் லீவு மாதம் என்று உனக்குத் தெரியும். அரசு வேறு மதம் வேறு என்று 1905இல் சட்டம் போட்ட நாடு, ஆனால் ஆண்டவர் விண்ணேற்ற வியாழனை மட்டும் இன்றுவரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தால் ஞாயிறு வரை நம் கையில். பாதி பாரிஸ் அன்று காலை நெடுஞ்சாலையில்தான் நிற்கும். நாங்களும் நின்றோம். தென்கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பூர்கோஞ் பக்கம். ஆங்கிலத்தில் பர்கண்டி என்பார்களே, அதுதான். வெஸ்லே என்ற குன்றுக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைவீட்டில் அறை எடுத்தோம்.

இந்த முறை இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: ஒரே வீடு, ஒரே அறை, தினம் பெட்டி கட்டுகிற வேலை கிடையாது. லுவார் ஆற்றங்கரை அரண்மனைகளுக்குப் போனபோது பட்டியல் போட்டு இழுத்தடித்தாரே, நினைவிருக்கிறதா? எந்தப் படிக்கட்டு எந்த அரண்மனையில் என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான். இவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். வயதாகிறது, வேறென்ன!

அங்கே போனதும் புரிகிற முதல் விஷயம், அந்த ஊர்களுக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. பன்னிரண்டு அடித்தால் ரொட்டிக்கடை, தபால் ஆபீஸ், மருந்துக்கடை எல்லாம் அடைப்பு. இரண்டு மணிவரை தெருவில் ஒரு பூனைதான் நடக்கும். அதற்காக ஓட்டலுக்கு இரண்டு மணிக்குப் போனாலும் வேலைக்கு ஆகாது, சமையலறை மூடியாயிற்று என்பார்கள். கால்வாயில்கூட இதே கதைதான். நிவெர்னே கால்வாய் என்று ஒன்று யோன் ஆற்றை ஒட்டியே போகிறது, மொத்தம் 174 கிலோமீட்டர். காட்டு விறகைப் பாரிஸுக்குக் கொண்டுபோக 1784இல் வெட்ட ஆரம்பித்தது. இப்போது உல்லாசப் படகுகள்தான். படகை மட்டம் ஏற்றி இறக்க வழியெங்கும் மதகுகள், பல இடங்களில் இன்னமும் ஆள் நின்று கையால் சுற்றித் திறப்பதுதான். அவருக்கும் மதியச் சாப்பாடு உண்டல்லவா? அவர் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. படகுக்காரர்களும் மேஜை விரித்து ஒயின் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். யார் முகத்திலும் அவசரமில்லை.

முதல் நாள் இவர் இதற்கெல்லாம் எரிச்சல்பட்டார். "நாடு இப்படி இருந்தால் எப்படி உருப்படும்?" என்று பாண்டிச்சேரிக் குரலில் ஒரு சொற்பொழிவு. மறுநாள் பதினொன்றே முக்காலுக்கே ரொட்டியும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை மரத்தடியில் துண்டை விரித்துவிட்டார். தின்று முடித்துத் தூங்கியும்விட்டார். வேலைக்குச் சேர்ந்த காலம்தொட்டு இந்த மனிதர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை கௌரி. என்னைக் கேட்டால் பிரெஞ்சுக் கிராமத்தைப் பார்க்க அந்த மூடிக்கிடக்கிற இரண்டு மணி நேரம்தான் சரியான நேரம். வாங்கவும் ஒன்றுமில்லை, விற்கவும் ஆளில்லை. ஜன்னல் கதவுக்குப் பின்னால் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அப்படிச் சும்மா நடந்தபோதுதான் ஒரு பழைய சலவைத்துறையைப் பார்த்தேன். ஓட்டுக்கூரை போட்ட சின்ன மண்டபம், நடுவில் ஊற்றுத்தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துச் சரிந்த கல் விளிம்பு. அந்தக் கல்லைத் தொட்டுப் பார், சோப்பு போட்டது மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மண்டிபோட்டுத் துணி அடித்துத் தேய்ந்த கல். ஊர்வம்பு முழுக்க அங்கேதான் ஓடியிருக்கும்.

வெள்ளிக்கிழமை இவருக்குக் கவிச்சி ஆகாதே. வீட்டம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். பூர்கோஞ்சில் முட்டையைக்கூடப் பன்றி இறைச்சித் துண்டு போட்ட ஒயின் குழம்பில்தான் வேகவைப்பார்கள். சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "என் பாட்டியும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டாள்" என்றார். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பாலாடையில் அடுக்கிச் சுட்ட ஒரு பதார்த்தமும் தோட்டத்துக் கீரையும் வந்தன. பிறகு எப்புவாஸ் என்கிற பாலாடைக்கட்டி. திராட்சைச் சக்கையில் காய்ச்சிய சாராயத்தால் மேல்தோலைக் கழுவிக் கழுவிப் பதமாக்குவார்களாம். நாற்றம் வாசல்வரை வருகிறது, வாயில் போட்டால் தேவாமிர்தம். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டார்.

அன்று பகலில் பார்த்ததைத்தான் உனக்கென்றே மனதில் குறித்து வைத்துக்கொண்டு வந்தேன். கெதலோன் என்று ஓர் இடம். காட்டுக்கு நடுவே, கைவிட்ட கல் குவாரியில், 13ஆம் நூற்றாண்டு முறைப்படி ஒரு கோட்டை கட்டுகிறார்கள். பழையதைப் பழுதுபார்ப்பதில்லை, புத்தம் புதிதாக! கல் அங்கேயே உடைப்பது, மரம் அந்தக் காட்டிலேயே வெட்டுவது, கலவைக்குச் சுண்ணாம்பும் மணலும்தான். 1997இல் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. அதை வேடிக்கை பார்க்க நாம் டிக்கெட் எடுக்கிறோம், அந்தக் காசில் வேலை நடக்கிறது. இதை உன் கான்ட்ராக்டரிடம் தயவுசெய்து சொல்லிவிடாதே.

அங்கே கல் தூக்குகிற யந்திரம் ஆளுயரத்துக்கு மேல் உள்ள மரச் சக்கரம். ஓர் ஆள் அதற்குள் ஏறிச் சாவகாசமாக நடக்கிறான், கயிறு சுற்றுகிறது, கல் மேலே போகிறது. சுவர்மேல் நிற்கும் கொத்தனார் கை காட்டியதும் நிற்கிறான், ஓர் அடி பின்னால் வைக்கிறான், கல் விரல்கடை அளவு இறங்கி உட்காருகிறது. இன்னொரு மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு ஒரு கயிற்றைக் காட்டினார். சம இடைவெளியில் பதின்மூன்று முடிச்சு, ஆகப் பன்னிரண்டு பாகம். மூன்று, நான்கு, ஐந்து பாகமாக மூன்று பேர் இழுத்துப் பிடித்தால் மூலை செங்கோணமாக நிற்கிறது. நம் ஊர் மேஸ்திரி டேப்பில் மூன்று, நாலு, அஞ்சு அடி குறித்து மூலைமட்டம் பார்ப்பாரே, அதே கணக்கு! நான் அதைச் சொன்னதும் அவர், அப்படியானால் நீங்களே பிடியுங்கள் என்று ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார். 2019இல் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தின் கூரை எரிந்ததே, அதைத் திரும்பக் கட்டியபோது இங்கே கோடாலி பிடித்துப் பழகிய தச்சர்கள் சிலரும் போய் ஓக் மரம் செதுக்கினார்களாம். பொழுதுபோக்கு என்று நினைத்தது கடைசியில் உதவிக்கு வந்திருக்கிறது.

வெஸ்லே பெரிய கோயிலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, படத்தில் பார்த்துக்கொள். 1146இல் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்ட பெர்னார் என்ற துறவி பிரசங்கம் செய்த குன்று அது. உள்வாசல் மேலே 12ஆம் நூற்றாண்டுச் சிற்பம், கிறிஸ்து சீடர்களை உலகெங்கும் அனுப்புகிற காட்சி. ஓரத்தில் உலகத்து மக்கள்: நாய்த்தலை மனிதர்கள், போர்வை மாதிரிக் காது உள்ளவர்கள், ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள். நாய்த்தலைக்காரர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்று பழைய கிரேக்கர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். "நம்ம சொந்தக்காரங்களப் பாரு" என்று இவர் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். காந்தியைப் பற்றியும் விவேகானந்தரைப் பற்றியும் எழுதினாரே ரொமேன் ரோலான், அவர் கடைசிக் காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தார். 1944 டிசம்பரில் இங்கேயே காலமானார். அவர் வீட்டில் இப்போது ஓவியக் காட்சியகம்.

ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது வேறு. தென்கிழக்கே மொர்வான் மலைப்பக்கம் போனால் ஊர் ஊராக அமைதி. அழகுதான், ஆனால் பாதி வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை. நம் பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14க்கு ஒரு போர் நினைவுச்சின்னத்துக்கு விளக்குப் போடுவார்களே, அது மாதிரிப் போர் நினைவுத்தூண் இங்கே குட்டிக் கிராமத்தில்கூட ஒன்று. 1914 முதல் 1918 வரை செத்தவர்கள் பெயர். ஒரே குடும்பப்பெயர் அடுத்தடுத்து மூன்று தடவை. அதற்கும் முந்தைய நூற்றாண்டில் பெண்கள், பெற்ற பிள்ளையைக் கிழவிகளிடம் விட்டுவிட்டு, பாரிஸ் பணக்கார வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனார்கள். அந்தச் சம்பளத்தில் எழுப்பிய வீடுகளைப் பால் வீடு என்றே சொல்கிறார்கள். வீட்டம்மா காரை நிறுத்தி ஒன்றைக் காட்டினார். நல்ல உயரமான ஓட்டுவீடு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பி எழுப்பின வீடு உன் தெருவிலேயே இருக்கிறதே, அதே மாதிரிதான். இயற்கை அழகு, அமைதி என்று நாம் காசு கொடுத்துப் போய் ரசிப்பதில் பாதி, ஆட்கள் பிழைக்கப் போய்விட்டதால் வந்த அமைதி. இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிவிட்டு, "நாமும் அப்படி வந்தவர்கள்தானே" என்றார்.

ஞாயிறு மாலை டிராஃபிக்கில் நாலு மணி நேரம். அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

நீ கிரகப்பிரவேசம் முடித்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடு. செப்டம்பரில் திராட்சை அறுவடை சமயம் வந்தால் அதே வீட்டில் அறை சொல்லி வைக்கிறேன், அந்த அம்மாள் இட்லி எப்படிச் செய்வது என்று வேறு கேட்டிருக்கிறார். விசாவுக்குக் கூட்டம் அதிகம், கடைசி நிமிஷத்தில் ஓடாதே. உன் சின்னவள் ரிசல்ட் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லை, உடனே எழுது.

அன்புடன்,
உன் மாலா

பி.கு.: அண்ணன் மகன் அடுத்த வாரம் வருகிறான். ஃபிளாவிஞி ஊர் சோம்பு மிட்டாய் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். ஒரே ஒரு விதையின்மேல் சர்க்கரைப்பாகைப் பூசிப் பூசி உருட்டிப் பட்டாணி அளவுக்குக் கொண்டுவர இரண்டு வாரம் ஆகுமாம். கடிக்காமல் சப்பு.