எந்தக் கையில் போட்டார்கள் என்றாவது எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் 22 வருடங்களாகத் தையல் கடை நடத்துகிறேன். சென்ற ஆடி மாதம் துருப்பிடித்த ஆணி காலில் ஏறிவிட்டது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் சித்தப்பா ரணஜன்னியில் இறந்தவர். நாளை மறுபடி ஆணி குத்தினாலும் போய்ப் போட்டுக்கொள்வேன்.

அன்று முழங்கை வரை இறுக்கமான கை வைத்த ரவிக்கை அணிந்திருந்தேன். கையைச் சுருட்ட முடியவில்லை. பின்னால் நீண்ட வரிசை. நர்ஸ் கழுத்துப் பக்கமாக ரவிக்கையை விலக்கி, வெளியே தெரிந்த இடத்தில் ஊசியை இறக்கிவிட்டார். தெரிந்தது தோள் எலும்பின் விளிம்பு. ஊசி போட வேண்டிய சதை அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்கிறது. மேலே குத்தினால் மருந்து தோள்மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் இறங்கி, அங்கே அழற்சி உண்டாகலாம். பிற்பாடு பொள்ளாச்சியில் எலும்பு மருத்துவர் என் தோளில் பேனாவால் இரண்டு புள்ளிகள் வைத்துக் காட்டியபோதுதான் இது புரிந்தது.

அன்றிரவே வலி தொடங்கிவிட்டது. மூன்றாவது வாரத்தில் கை தோளுக்கு மேல் எழவில்லை. தலை பின்னிக்கொள்ளக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. "இடக்கைதானே" என்று ஆறுதல் சொன்னார்கள். கத்திரி பிடிப்பது வலக்கை என்றாலும், மிஷினில் துணியை நடத்துவது இடக்கை. ஓணத்துக்கு வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தேன். தீபாவளிக்கு யாரும் கொண்டுவரவே இல்லை. வாரம் இரண்டு முறை கோபாலபுரம் வழியாக பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் பிசியோதெரபிக்குப் போனேன்.

நஷ்ட ஈடு கேட்கலாமா என்று சித்தூரில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டதாம். சீட்டுக்குக் கொடுக்கும் சில்லறை கட்டணமாகாதாம். சிவில் வழக்குப் போடலாம், தவறு நடந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றார். எதை வைத்து நிரூபிப்பது? என் ஓ.பி. சீட்டில் 'டி.டி.' என்று ஒரு கிறுக்கல் மட்டும் இருக்கிறது. எந்தக் கை, மருந்தின் பேட்ச் எண் என்ன, போட்டது யார் என்று ஒரு வரி இல்லை.

சிகாகோவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் சொன்னதைக் கேட்டு மலைத்துப்போனேன். அமெரிக்காவில் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு தரும் திட்டம் 1988 முதல் நடக்கிறது. 2017-இல் ஊசியால் வரும் தோள் காயத்தையும் அதன் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள டி.டி., ஃப்ளூ போன்ற ஊசிகளைப் போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் விண்ணப்பிக்கலாம். அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு. யார் மீதும் குற்றத்தை நிரூபிக்க வேண்டாம். நியாயமான வழக்கென்றால் வக்கீல் செலவும் திட்டத்திலிருந்தே கிடைக்கும். ஒவ்வொரு டோஸ் தடுப்பூசிக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வசூலிக்கும் வரிதான் அதற்குப் பணம். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசுக்கு, அதில் கை போனவளைத் தாங்கும் கடமையும் இருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒரு நிதி வர வேண்டும்.

அதுவரை, செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஊசி போட்ட கை, பேட்ச் எண், போட்டவரின் கையெழுத்து ஆகியவற்றைச் சீட்டில் எழுதுங்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் கோளாறுகளைப் பதிவு செய்ய மாவட்ட அளவில் குழு இருக்கிறது. வலியோடு நான் இரண்டாவது முறை போனபோது அதற்கான படிவத்தை யாரும் எடுக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி வருபவர்களுக்காவது அந்தப் படிவத்தை நிரப்புங்கள். ஊசி போடும் அறையில் பெண்கள் ரவிக்கையைத் தளர்த்திக்கொள்ள ஒரு திரை கட்டுங்கள். துணி வாங்கித் தந்தால், எங்கள் ஊர் மருத்துவமனைக்கான திரையை நானே தைத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்கடைக்காரப் பெண்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்