இட்லியின் கார்பன் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

31 ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் நான். போன வாரம் என் பேத்தி, உணவிலிருந்து ஆற்றலை எடுக்கச் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைத் தொடரான சிட்ரிக் அமிலச் சுழற்சியில் வரும் பொருள்களின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தாள். சரி, மூச்சில் வெளியேறும் கார்பன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். விழித்தாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

அது காலையில் சாப்பிட்ட இட்லியின் கார்பன். மாவுச்சத்து உடைந்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் துண்டாகச் சுழற்சிக்குள் நுழைகிறது. நான்கு கார்பன் ஆக்சலோ அசிட்டேட்டுடன் சேர்ந்து ஆறு கார்பன் சிட்ரேட் ஆகிறது. சுற்றுக்கு இரண்டு கார்பன், கார்பன் டை ஆக்சைடாகக் கழல்கிறது. ஆற்றலில் பெரும்பங்கு எலக்ட்ரான்களோடு மூன்று என்ஏடிஎச், ஒரு எஃப்ஏடிஎச்2 என்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறுகள் மீது ஏறிக்கொள்கிறது. அந்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொண்டு தண்ணீராவதுதான் நாம் இழுத்த ஆக்சிஜனின் வேலை.

1937இல் உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் புறாவின் மார்புத் தசையை வைத்துக் கண்டறிந்தது இது. அவரும் ஒரு கடிதமாகத்தான் 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அனுப்பினார். இடமில்லை என்று திரும்பி வந்தது. 1953இல் நோபல் பரிசு. இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரே ஒரு கார்பன் அணுவைத் தட்டிலிருந்து மூச்சு வரை தொடர்ந்து காட்டும் படம் ஒன்றை வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்